முதியோர் படும் துயரும் சட்டத்தின் துணையும்



தெமோதரைப் புகையிரத நிலையத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மலையின் சரிவு மிகுதியாயிருந்தமையால், நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி குன்றை ஒரு முறை சுற்றிவந்து, அதே நிலையத்தின் அடியிலே குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து பதுளை நோக்கிச் செல்லும்படி அங்கே இருப்புப்பாதை அமைந்திருக்கிறது. 1924 ஆம் ஆண்டில் பதுளை வரை பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு அந்த விந்தையைப் பார்க்க வருவோர் குறையவில்லை. வருகின்றவர்களின் கண்ணுக்குத் தேயிலையின் நடுவே தெரியும் லயங்கள் ஓர் அழகிய படத்தின் பகுதியாகவே தோன்றும். நான் அவ்வூரிலே பிறந்தவன். அந்த லயங்களின் இஸ்தோப்பிலே, இளையோர் எல்லாரும் மலைக்குச் சென்றுவிட்ட பின்னர், பகல் முழுவதும் தனியே அமர்ந்திருக்கும் கிழவர் கிழவியரைப் பற்றியும், வீட்டிலே வைத்துப் பார்க்க இயலாமல் முதியோர் இல்லங்களில் விடப்படுவோரைப் பற்றியும் சில நிமிஷங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் சட்டம் படித்தவனல்லேன். தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாயிருந்து இளைப்பாறியவன். சட்டத்தைப் பற்றி நான் சொல்லப்போவனவற்றைச் சட்டத்தரணியான நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தே சொல்லுகிறேன். அவற்றைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்த விதத்தை முதலிற் கூறுவதே முறை.

என் பெரியம்மா முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். 2015 ஆம் ஆண்டிலே பாரிசவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. ஒரே மகன் வளைகுடா நாடொன்றில் உழைத்துக்கொண்டிருந்தான். மருமகளோ விடிந்தாற் பிரட்டுக்குச் செல்ல வேண்டியவள். ஆகவே எல்லாரும் கலந்து பேசி, வேறொரு நகரத்திலிருந்த முதியோர் இல்லமொன்றிலே அவரைச் சேர்த்தோம். அந்த இல்லத்தின் பெயர் இங்கு வேண்டாம். மகன் மாதந்தோறும் பணம் அனுப்பினான்; ஒரு மாதமேனும் தவறவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்து வருவேன். போவதற்கு முதல் நாள் தொலைபேசியிலே அறிவிப்பேன். அது மரியாதை என்று எண்ணியிருந்தேன். நான் போகும் நேரத்தில் பெரியம்மா குளித்து, பவுடர் பூசி, நாற்காலியிலே அமர்ந்திருப்பார்.

அடுத்த ஆண்டிலே, அந்த நகரத்தில் நடந்த ஒரு மரணச் சடங்குக்குச் சென்றவன், ஒரு புதன்கிழமை முற்பகலில் அறிவியாமலே அங்கே நுழைந்தேன். பெரியம்மா நனைந்த விரிப்பின்மேற் கிடந்தார். செயலுள்ள வலக்கை கட்டிலின் சட்டத்தோடு துணித் துண்டொன்றினாற் கட்டப்பட்டிருந்தது. நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது. முதுகின் அடியிலே உள்ளங்கை அளவான புண். வாடகை வாகனமொன்றிலே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது?" என்று வைத்தியர் கேட்டார். மாதந்தோறும் தவறாமல் போய்வந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவருடைய முதுகை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தபோது, கண்டும் காணாதிருந்தவை பல நினைவுக்கு வந்தன. அவருடைய கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிற்று, அவ்வளவு மெலிந்திருந்தார். மூக்குக்கண்ணாடி காணப்படவில்லை, உடைந்துபோயிற்று என்றார்கள், நானும் வாங்கிக் கொடுக்கவில்லை. மேற்கையிலே விரல் பதிந்தாற்போல நீலம் பாய்ந்திருந்தது, விழுந்துவிட்டார் என்றார்கள். நான் எதைக் கேட்டாலும் பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்த பின்னரே பெரியம்மா பதில் சொல்வார். இவை எல்லாவற்றையும் முதுமை என்ற ஒரு சொல்லிலே போட்டு மூடிவிட்டேன்.

நேயர்களே, இதுவே இந்த விஷயத்தில் உள்ள பெரிய இடர். முதுமையும் மெலிவிக்கும், வறுமையும் மெலிவிக்கும், புறக்கணிப்பும் மெலிவிக்கும். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். எல்லாருமே வறியவராயுள்ள ஒரு லயத்திலே, ஒரு கிழவி பட்டினியாற் கிடக்கிறாளா, பசியின்மையாற் கிடக்கிறாளா என்று யார் பிரித்தறிவார்? மேல்நாடுகளிலும் இந்தக் கண் மிகப் பிந்தியே திறந்தது. பிள்ளைகள் அடிபடுவதைப் பற்றி வைத்தியர்கள் எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னர், 1975 ஆம் ஆண்டிலேதான் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் முதியோர் தாக்கப்படுவதைப் பற்றிய கடிதமொன்று வெளிவந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம், அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் ஓராண்டு காலத்துள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று கணிக்கிறது.

ஆயினும் பிரித்தறிய வழியுண்டு. படுக்கைப் புண் முதுமையினால் மட்டும் வருவதன்று. அசைய இயலாதவரை ஒரே பக்கமாகக் கிடத்தி வைப்பதனால், எலும்பு அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் செத்துப் புண்ணாகிறது. முதுகின் அடி, இடுப்பெலும்பின் பக்கம், குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டி, விரிப்பை உலர்வாய் வைத்திருந்தாற் பெரும்பாலும் அதைத் தடுக்கலாம். சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காத தோல் அதன் தொடக்கம். இரண்டு மேற்கைகளிலும் ஒத்தாற்போலத் தோன்றும் நீலம், மணிக்கட்டைச் சுற்றிய தழும்பு, உலர்ந்த நாக்கு, கறுத்த சிறுநீர், வைத்தியர் எழுதிக் கொடாத மருந்தினால் வரும் ஓயாத உறக்கம், திடீரென்று வந்த மனக்குழப்பம் ஆகியன கேள்வி கேட்கப்பட வேண்டியவை. தனியே பேச விடாமல் யாரேனும் பக்கத்திலேயே நிற்பார்களானால், அதுவும் ஓர் அடையாளமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். முதியோரின் தோல் மெல்லியது. மேசையில் இடித்தாலும் நீலம் பாயும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர்க்கு இன்னும் எளிதிற் பாயும். நினைவு தடுமாறியவர் சிலர், சாப்பிட்டுக் கை கழுவிய பின்னும் சோறே தரவில்லை என்பார்கள். அல்லும் பகலும் பார்த்துத் தேய்ந்துபோன மருமகள்மீது ஒரே ஒரு தழும்பைக் கண்டு பழி சுமத்திவிடாதீர்கள். அன்று பெரியம்மாவின் கையைக் கட்டிய பணிப்பெண், இரவிலே எழுந்து விழாதிருக்கவே கட்டினேன் என்று அழுதாள். பத்தொன்பது முதியோருக்கு இரண்டு பெண்கள்! இரவிலே ஒருத்தி! அவள்மேல் எனக்கு உண்டான கோபம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அத்தனை பேரை இருவரிடம் ஒப்படைத்துப் பணம் வாங்கியவரிடமே குற்றம் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

உடலை வருத்துவது மட்டும் கொடுமையன்று. தோட்டத்தொழிலாளியின் கையிலே வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெருந்தொகை வருகிறது. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி, பெண்களுக்கு ஐம்பது வயதிலும் ஆண்களுக்கு ஐம்பத்தைந்திலும் கிடைக்கும். வேலையை விட்டு நிற்கும்போது, 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவையின் ஒவ்வோராண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் சேரும். அரசாங்க உத்தியோகத்தருக்கு இருப்பதுபோல மாதாந்த ஓய்வூதியம் இல்லை. அந்தக் காசோலை வரும் மாதத்திலே கிழவிக்கு நடக்கும் உபசாரத்தையும், அது கரைந்த ஆண்டிலே அவளுடைய தட்டிலே விழும் சோற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. எழுதாத கடதாசியிலே பெருவிரல் அடையாளம் பெறுதல், அடையாள அட்டையைப் பிறர் பூட்டி வைத்திருத்தல், முதியோர் கொடுப்பனவை வேறொருவர் எடுத்துத் தம் கணக்கிலே வைத்தல், தோட்டைக் கழற்றி அடகு வைத்தல் ஆகியன எல்லாம் குடும்ப விஷயங்கள் என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். ஏமாற்றிப் பறித்தலும் நம்பிக்கை மோசடியும் தண்டனைச் சட்டக்கோவையிலே குற்றங்கள். குற்றம் செய்தவர் மகனாயிருப்பதனால் அது குற்றமல்லாமற் போகாது.

இனிச் சட்டம் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். நம் நாட்டிலே 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. அறுபது வயதை அடைந்தவர் அச்சட்டத்தின்படி முதியவர். பிள்ளைகள் தம் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது விதிக்கிறது. பிள்ளைகள் என்றால் ஆண்மக்கள் மாத்திரமல்லர், பெண்மக்களும் அடங்குவர். பிள்ளையில்லாத, அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் அளிப்பது அரசின் பொறுப்பு. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத தாயோ தந்தையோ, பிள்ளைகளிடமிருந்து மாதாந்தப் பணம் பெற்றுத் தரும்படி அச்சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்துக்குச் சென்று, முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ கேளுங்கள். முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் கட்டளையே. பெரியம்மாவைச் சேர்த்த நாளில் இல்லத்தின் சுவரிலே மாட்டியிருந்த படங்களை எல்லாம் பார்த்த நான், பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளே அடியும் மிரட்டலும் நடக்குமானால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உதவும். அது கணவன் மனைவியருக்கு மட்டும் உரியதென்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். தாய் தந்தையரும் பாட்டன் பாட்டியரும் அதன் பாதுகாப்பைக் கேட்கலாம். உடலை வருத்துதல் மட்டுமன்றி மனத்தைக் கடுமையாக வதைத்தலும் அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் தாமே நீதவான் நீதிமன்றத்தை அணுகலாம். அவர் சார்பிலே பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். உடனடி ஆபத்து இருப்பின் நீதவான் இடைக்காலக் கட்டளை பிறப்பிப்பார். பின்னர் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நிற்கும். கட்டளையை மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நம்முடைய தோட்டங்களுக்கு இதிலே முக்கியமான ஒன்று இருக்கிறது. முதியவர்கள் முறையிட அஞ்சுவதன் முதற்காரணம் காம்பிரா. அது தோட்டத்துக்குச் சொந்தம். வேலையிலே பேர் உள்ளவனோ மகன். அவன்மேல் முறையிட்டால் தலைக்கு மேலிருக்கும் தகரமும் போய்விடுமே என்று அவர்கள் நடுங்குகிறார்கள். பொதுவாக வசிக்கும் இடத்திலே அவர்கள் தங்குவதை யாரும் தடுக்கலாகாது என்று உத்தரவிடவும் இந்தச் சட்டத்தின் கீழ் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் இல்லத்துப் பணியாளர் நடத்தும் கொடுமைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது உறவினருக்கு உரியது. அங்கே காயப்படுத்தல், முறையற்ற தடுத்து வைத்தல் போன்ற குற்றங்களுக்காகப் பொலிஸிலே முறைப்பாடு செய்ய வேண்டும். கையைக் கட்டிலிலே கட்டி வைப்பது இதில் அடங்குமா என்று நான் சட்டத்தரணியைக் கேட்டபோது, யார் சொல்லி, எத்தனை நேரம், எக்காரணத்தால் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது என்றார். அரசாங்கம் நடத்தும் இல்லமாயின், 1996 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். தனியார் இல்லமாயின் அந்த வழி இல்லை. நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்திலே வழக்குத் தொடர்வதாயின், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. துக்கம் ஆறட்டும், பின்னர் பார்ப்போம் என்று இருந்து காலத்தைக் கடத்தியவர்கள் உண்டு. கட்டணம் கொடுக்க இயலாதவர்களுக்கு உதவவே 1978 ஆம் ஆண்டின் சட்டப்படி சட்ட உதவி ஆணைக்குழு அமைந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலே உறவினர் உள்ள குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் அண்ணன் இங்கும் தங்கை நீலகிரியிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் நம்மிடையே அநேகம். இந்தியாவிலே இதற்கெனத் தனியான சட்டம் 2007 ஆம் ஆண்டில் வந்தது. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிய பின் கைவிட்டால், அந்த எழுத்தையே செல்லாததாக்கும் அதிகாரத்தை அது தீர்ப்பாயத்துக்கு அளிக்கிறது. முதியவரை எங்கேனும் விட்டுவிட்டுப் போவதற்கு மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கிறது.

பிறப்புச் சாட்சிப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லை, ஆகவே முறையிட முடியாது என்று எண்ணும் முதியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையிலே காத்திருந்த தலைமுறை அது. கந்தோர் என்றாலே அவர்களுக்குப் பயம். அடிபட்டவர் பொலிஸிலே முறைப்பாடு செய்வதற்குப் பிரஜையாயிருக்க வேண்டிய நியதி இல்லை.

முறைப்பாடு செய்வதிலே நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் சென்ற பொலிஸ் நிலையத்திலே என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டும்படி கேளாமலே கையொப்பம் வைத்துவிட்டேன். பெரியம்மா முன்னர் விழுந்ததுண்டு என்று நான் இடையிலே சொன்னது அதிலே முதல் வரியாக நின்றதைப் பல வாரங்களின் பின்னரே அறிந்தேன். தமிழிலே முறைப்பாடு செய்யும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு அங்கே வசதி இல்லையாயின், எழுதியதைத் தமிழிலே சொல்லக் கேட்ட பின்னரே கையொப்பம் இடுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் திகதிகள் எவையும் இருக்கவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை நீலத்தைக் கண்டேன், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டபோது திகைத்து நின்றேன். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். பார்த்த நாள், பார்த்தது, சொன்னவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியால் எடுத்த படத்துக்கு நாளும் நேரமும் தாமே பதிவாகும். முதியவரின் மானம் கெடாதபடி எடுங்கள். புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது முதற்கடமை. ஆனால் ஆஸ்பத்திரியிலே சேர்க்கும்போதே, என்ன நடந்ததென்று ஐயுறுகிறீர்கள் என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அதுவே வழி. நான் வெட்கத்தினாலே, "இல்லத்திலிருந்து கொண்டுவந்தேன்" என்று மாத்திரம் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவரிடமே தனியே கேளுங்கள். அவர் என்ன விரும்புகிறார்? வழக்கு வேண்டுமா, வேறு இடம் வேண்டுமா, அல்லது மகனைக் கூப்பிட்டுப் பெரியவர்கள் முன்னிலையிலே பேசினாற் போதுமா? அறிவு தெளிவாயுள்ளவரை, அவருக்கு நன்மை செய்கிறோம் என்று சொல்லி, அவரைக் கேளாமலே இழுத்துச் செல்வதும் ஒருவகை அவமதிப்பே. ஆனால் உயிருக்கு ஆபத்தென்று கண்டாற் காத்திருக்க வேண்டாம்; 119 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். லயத்திலே இரவில் யார் வீட்டிலே என்ன சத்தம் கேட்கிறதென்று அடுத்த காம்பிராவுக்குத் தெரியாமலிராது. சுவர் அவ்வளவு மெல்லியது. தோட்டத்து வைத்திய உதவியாளரும் பிள்ளைக் காம்பிராவைப் பார்க்கும் உத்தியோகத்தரும் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து அட்டையிலே குறிப்பதுபோல, மாதம் ஒரு முறை கிழவர்களையும் நிறுத்துப் பார்த்தால் என்ன என்று நான் பல கூட்டங்களிலே கேட்டிருக்கிறேன். சிரிக்கிறார்கள். தராசு அங்கேயே இருக்கிறது.

என் முறைப்பாட்டினால் யாரும் தண்டனை பெறவில்லை. ஆயினும் அதன் காரணமாக அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அந்த இல்லம் பதிவு செய்யப்படவில்லை என்பது வெளியாயிற்று. அங்கிருந்த முதியோர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பெரியம்மாவைத் தெமோதரைக்கே கொண்டுவந்தோம். மருமகள் காலையிலும் என் தங்கை பகலிலும், பக்கத்துக் காம்பிராவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின்னும் என்று முறை வைத்துப் புரட்டினார்கள். புண் ஆறுவதற்கு ஐந்து மாதம் சென்றது. அதன்பின் மூன்று மாதம் இருந்தார். புதிய மூக்குக்கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இஸ்தோப்பிலே இருந்தபடி, கொழுந்துக் கூடையோடு இறங்கி வருபவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.